நான்கு நிறங்களும் நான்கு பெயர்களும்



விளையாட்டுப் போட்டி நெருங்கும்போது நம் தமிழ்ப்பள்ளிகளில் மாணவர்களை இல்லங்களாகப் பிரிக்கிறோம். சிவப்பு, நீலம், மஞ்சள், பச்சை! ஏன் இந்தப் பெயர்கள் என ஒரு மாணவன் கேட்டால் நாம் என்ன சொல்வோம்? துணிக்கடையில் கிடைத்த நிறங்கள் என்பதைத் தவிர வேறு விடை உண்டா?

"இல்லப் பெயரில் என்ன இருக்கிறது? ஓடுகிற பிள்ளை ஓடினால் போதும்" என்பர் சிலர். அவர்களைக் கோலாகங்சார் வரை அழைத்துச் செல்ல விரும்புகிறேன்.

அங்குள்ள மலாய்க் கல்லூரி 1905ஆம் ஆண்டு சனவரி 2ஆம் நாள் தொடங்கப்பட்ட விடுதிப்பள்ளி. அதற்கு வித்திட்டவர் கல்வி அதிகாரி ஆர். ஜே. வில்கின்சன். முதல் தலைமையாசிரியர் வில்லியம் ஆர்கிரீவ்ஸ், பினாங்கு பிரீ பள்ளியிலிருந்து வந்தவர். 1816இல் இந்நாட்டின் முதல் தமிழ் வகுப்புக்கு இடம் தந்த பள்ளியும் அதுவே என்பதை நாம் மறக்கலாகாது. தூண்கள் வரிசையாய் நிற்கும் அந்தப் பெரிய வெள்ளைக் கட்டடம் 1909இல்தான் முறையாகத் திறக்கப்பட்டது. ஆகவே, புகழ்பெற்ற அந்தப் பள்ளியும் சொந்த மாளிகை எழுமுன்பே பாடம் நடத்தத் தொடங்கிய பள்ளிதான்!

அதன் இல்லங்களின் பெயர்களைக் கேளுங்கள்: இட்ரிஸ், சுலைமான், அகமது, முகமது ஷா. முறையே பேரா, சிலாங்கூர், பகாங், நெகிரி செம்பிலான் ஆகிய நான்கு மாநிலங்களின் அன்றைய ஆட்சியாளர்கள். 1896இல் உருவான கூட்டரசு மலாய் மாநிலங்கள் இந்நான்குமே. சொகூர், கெடா, கிளந்தான், திரங்கானு, பெர்லிசு ஆட்சியாளர்களுக்கு அவ்வரிசையில் இடமில்லை. பள்ளி யாருக்காக, எந்த ஆட்சியமைப்பின் கீழ்த் தோன்றியது என்பதை அந்த நான்கு பெயர்களே சொல்லிவிடுகின்றன. ஒரு வரலாற்றுப் பாடம் முழுவதும் ஓட்டப்பந்தயச் சட்டையில் எழுதப்பட்டிருக்கிறது! தொடக்கத்தில் அரச, உயர்குடிப் பிள்ளைகளின் இடமாக இருந்த அப்பள்ளி பின்னாளில் தேர்வின் வழி எளியோர் பிள்ளைகளுக்கும் திறந்தது. வாசல் மாறியது, பெயர்கள் நிலைத்தன.

கட்டடங்களுக்கும் அப்படியே. 1954இல் அங்கு ஆசிரியராக வந்த ஆங்கில எழுத்தாளர் அந்தோணி பர்கெஸ், சிறுவர் தங்கிய 'கிங்ஸ் பெவிலியன்' மாளிகையில் குடியிருந்தார். 1956இல் வெளிவந்த அவருடைய நாவலுக்கு அப்பள்ளியும் ஊரும் களமாயின. எந்தச் சுவருக்குள் யார் வாழ்ந்தார் என்பதை எழுதி வைத்தார்கள். ஆகவே அது இன்றும் பேசப்படுகிறது.

"அது அரசர்கள் பள்ளி, நம்முடையது தகரக் கொட்டகை" என்று மறுப்போர் உண்டு. அவர்களுக்கு ஒன்று சொல்வேன். அதே கோலாகங்சாரில்தான் 1877இல் இரப்பர்க் கன்றுகள் நடப்பட்டன. அந்த மரம் பின்னர் நாடெங்கும் பரவியதால் அல்லவா நம் பாட்டன்மார் ஆயிரக்கணக்கில் தோட்டங்களுக்கு வந்தனர்! ஒரே ஊரின் மண்ணில் இரு வரலாறுகள். ஒன்று தூண்களோடு காக்கப்பட்டது. மற்றொன்று இலயங்களோடு கரைந்து போகிறது.

நாடு விடுதலை பெற்றபோது 800க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்று 500க்குச் சற்றே கூடுதலாக உள்ளன. தோட்டங்கள் துண்டாடப்பட்டன, பள்ளிகள் மூடப்பட்டன, இணைக்கப்பட்டன, இடம் மாறின. புதிய கட்டடம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பழைய பள்ளியோடு அதன் நினைவையும் இடித்துத் தள்ளுவதைத்தான் எதிர்க்கிறேன். நான் அறிந்த ஒரு பள்ளி இடம் மாறியபோது, பழைய சேர்க்கைப் பதிவேடுகள் நாற்காலி உடைசல்களோடு குப்பை வண்டியில் ஏறின. தடுக்க ஒருவரும் இல்லை. மூன்று தலைமுறைப் பிள்ளைகளின் பெயர்கள் அவற்றில் இருந்தன!

நினைவைக் காக்கக் கோடிகள் தேவையில்லை. ஒரு குறிப்பேடும், முதியோரிடம் கேட்கும் பொறுமையும் போதும். முதல் கொட்டகையை யார் வேய்ந்தார்? எந்தத் தண்டல் வீடு வீடாய்ச் சென்று பிள்ளைகளை அழைத்து வந்தார்? முதல் ஆசிரியர் யார்? வள்ளுவர், கம்பர் எனப் புலவர் பெயர்களைச் சூட்டிய பள்ளிகளைப் பாராட்டுகிறேன். ஆயினும் அப்பெயர்கள் எந்தப் பள்ளிக்கும் பொருந்தும். நம் பள்ளிக்கே உரிய பெயர்கள் எங்கே?

பெற்றோர் ஆசிரியர் சங்கங்களும் முன்னாள் மாணவர்களும் இவ்வாண்டே தொடங்கட்டும். அடுத்த போட்டியில் நான்கு நிறங்களுக்கு நான்கு பெயர்கள் கிடைக்கட்டும். கற்பிக்கும் நாமே மறந்தால், கற்கும் பிள்ளை எதை நினைவில் வைப்பான்?

சிந்திப்போம், செயல்படுவோம்!