துடைப்பத்தைக் கொஞ்சம் கீழே வைங்க தம்பி

பொங்கல் கழிஞ்சா எங்க பக்கம் ஒரு சீசன் ஆரம்பிச்சிடும். என்.எஸ்.எஸ். கேம்ப் சீசன். குச்சனூர், மார்க்கையன்கோட்டை மாதிரி ஏதாவது ஒரு ஊர்ல பள்ளிக்கூட வாசல்ல ஃப்ளெக்ஸ் தொங்கும். 'ஏழு நாள் சிறப்பு முகாம்'. ஒரே கலர் டி-ஷர்ட்ல அம்பது பிள்ளைங்க மண்வெட்டி, கூடை, துடைப்பத்தோட நிப்பாங்க.

முதல் நாள் துவக்க விழா. ரெண்டாம் நாள் கோயில் வளாகம் சுத்தம். மூணாம் நாள் மரக்கன்று. அப்புறம் கண் பரிசோதனை, பிளாஸ்டிக் ஒழிப்பு ஊர்வலம், வீடு வீடா ஒரு 'சர்வே'. சாயங்காலம் ஆனா கலைநிகழ்ச்சி. ஏழாம் நாள் பொன்னாடை, சர்டிஃபிகேட், குரூப் போட்டோ. மறுநாள் பேப்பர்ல உள்ளூர்ப் பக்கத்துல ரெண்டு இஞ்சுக்கு ஒரு செய்தி. அவ்வளவுதான்.

நக்கல் பண்றதுக்காக இதை எழுதலைங்க. அந்தப் பிள்ளைங்களை எனக்கு ரொம்பப் பிடிக்கும். வெயில்ல நின்னு அடுத்தவன் வீட்டு வாசலைக் கூட்டுறதுக்கு ஒரு மனசு வேணும். வீட்டுல தட்டைக் கூடக் கழுவாத பையன் அங்க அம்பது பேருக்குச் சாம்பார் வாளி தூக்குறான். அது நல்லது. என் கேள்வி வேற. இந்த ஏழு நாள்ல அவன் சேவை செய்யக் கத்துக்கிறான், சரி. ஒரு ஊரோட குடிமகனா இருக்கிறது எப்படின்னு கத்துக்கிறானா? ரெண்டும் ஒண்ணுதான்னு நாம பாட்டுக்கு நினைச்சுக்கிட்டு இருக்கோம்.

கொஞ்சம் பழைய கதை. நாட்டு நலப்பணித் திட்டம் ஆரம்பிச்சது 1969 செப்டம்பர் 24. காந்தி நூற்றாண்டு வருசம். அப்ப மத்திய கல்வி மந்திரியா இருந்த வி.கே.ஆர்.வி. ராவ் 37 பல்கலைக்கழகங்கள்ல 40,000 மாணவர்களோட தொடங்கி வச்சார். ஒரு மாணவர் ரெண்டு வருசத்துல 240 மணி நேரம் வேலை செய்யணும், அதுபோக ஒரு சிறப்பு முகாம். திட்டத்தோட நோக்கங்கள்னு ஒரு பட்டியல் இருக்கு. அதுல முதல்ல வர்றதே 'தாங்கள் வேலை செய்யும் சமூகத்தைப் புரிந்துகொள்வது'தான். சமூகப் பொறுப்பும் குடிமைப் பொறுப்பும் வளரணும்னும் அதுலயே இருக்கு. கூட்டணும், பெருக்கணும்னு அந்தப் பட்டியல்ல இல்லை. அது எப்படியோ நடுவுல வந்து உட்கார்ந்துக்கிச்சு.

ஏன்னா கூட்டுறது சுலபம். போட்டோவுல தெரியும். யாருக்கும் கோபம் வராது.

ஒரு தெருவுல சாக்கடை அடைச்சுக் கிடக்குன்னு வைங்க. பிள்ளைங்க வந்து அள்ளிப் போட்டுட்டுப் போறாங்க. எட்டாம் நாள் திரும்ப அடைக்கும். அது ஏன் அடைக்குது? அந்தத் தெருவுக்குத் துப்புரவுப் பணியாளர் எத்தனை பேர்? சாக்கடை கட்டினது எந்த வருசம், எந்த நிதியில? எங்க போய் முடியுது? இதையெல்லாம் யார்கிட்ட கேக்கணும்? இந்தக் கேள்வி ஒண்ணு கூட அந்த ஏழு நாள்ல வர்றது இல்லை. கடைசியில பையன் மனசுல தங்குறது என்ன? 'இந்த ஜனங்களுக்கு சுத்தம்னா என்னன்னே தெரியல, நாமதான் வந்து பண்ணிக் கொடுத்தோம்'. இது சமூகத்தைப் புரிஞ்சுக்கிட்டதா? எனக்கென்னவோ அப்படித் தெரியல.

சர்வே இதைவிட மோசம். பக்கத்து ஊர் ஒண்ணுல ஒரு கேம்ப் நடந்தப்ப நான் நின்னு பார்த்தேன் (எந்த ஊர், எந்தக் கல்லூரிங்கிறது இங்க வேண்டாம்). காலேஜ் பொண்ணு ஒண்ணு ஃபார்மை வச்சுக்கிட்டு ஒரு அப்பத்தாகிட்ட ஒவ்வொண்ணா கேக்குது. வீட்டுல எத்தனை பேர், என்ன வருமானம், கழிப்பறை இருக்கா. அப்பத்தா எல்லாத்துக்கும் பதில் சொல்லிட்டு, "ஏத்தா, எனக்குப் பென்சன் நின்னு போயி ஆறு மாசமாச்சு. இதுல அதையும் எழுதிக்க"ன்னுச்சு. அந்தப் பொண்ணு ஃபார்மைத் திருப்பித் திருப்பிப் பார்க்குது. அதுக்கு அதுல கட்டம் இல்லை. ஓரமா எழுதிக்கிச்சு, பாவம்.

"போன வருசமும் இப்படித்தான் எழுதிட்டுப் போனாய்ங்க"ன்னு அப்பத்தா முணுமுணுத்துச்சு.

இதுல அந்தப் பொண்ணு மேல ஒரு தப்பும் இல்லை. முதியோர் பென்சன் நின்னா தாலுகா ஆபீஸ்ல போய் யாரைப் பார்க்கணும், மனு எப்படி எழுதணும், ரசீது ஏன் வாங்கணும்னு அதுக்கு யாரும் சொல்லித் தரல. தெரிஞ்சிருந்தா அப்பத்தாவுக்கு ஒரு வழி கிடைச்சிருக்கும். அந்தப் பொண்ணுக்கும் மூணு வருசப் படிப்புல கிடைக்காத பாடம் ஒரே மத்தியானத்துல கிடைச்சிருக்கும். நோட்டையும் பேனாவையும் பார்த்தா ஜனங்களுக்கு ஒரு நம்பிக்கை வருது. அந்த நம்பிக்கையை எழுதி எடுத்துட்டுப் போய் பீரோவுல பூட்டுறது பெரிய பாவம்னு நான் நினைக்கிறேன்.

இன்னொரு விஷயம். மார்க்கையன்கோட்டையில கேம்ப் போட்டா அழைப்பிதழ்ல 'மார்க்கையன்கோட்டை கிராமம்'னு அச்சடிச்சாலும் யாருக்கும் உறுத்தாது. சுத்தி நெல்வயல், தென்னை, வாய்க்கால்... பார்த்தா கிராமம்தான். ஆனா சட்டப்படி அது பேரூராட்சி. தேனி மாவட்டத்துல 6 நகராட்சி, 22 பேரூராட்சி, 130 ஊராட்சி. இந்த வித்தியாசம் வெறும் பேருக்கு இல்லை. கிராம சபைங்கிறது 1994 ஊராட்சிகள் சட்டப்படி ஊராட்சிக்குத்தான். 2005-ல வந்த நூறு நாள் வேலைச் சட்டமும் ஊரகப் பகுதிக்குன்னே வந்தது. பேரூராட்சியில இருக்கிற விவசாயக் கூலிக்கு வயல்வேலை அதே வேலை, ஆனா சட்டம் வேற. இதுக்காகவே 'எங்களை ஊராட்சியா மாத்துங்க'ன்னு கேக்குற ஊர்கள் உண்டு. 2004-ல தமிழ்நாட்டுல 561 பேரூராட்சிகளைச் சிறப்பு ஊராட்சின்னு மாத்தினாங்க. 2006-ல திரும்பப் பேரூராட்சி ஆக்கினாங்க. நம்ம ஊர் என்ன 'ஜாதி'ங்கிறது நம்ம சம்பளத்தையே தொடுற விஷயம். இதை எந்த கேம்ப்லயாவது யாராவது பேசிக் கேட்டிருக்கீங்களா?

அடுத்து இதையும் பாருங்க. 2016 அக்டோபர்ல உள்ளாட்சி மன்றங்களோட காலம் முடிஞ்சுது. நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல் நடந்தது 2022 பிப்ரவரி 19-ல. நடுவுல அஞ்சு வருசத்துக்கு மேல பேரூராட்சிகளுக்குக் கவுன்சிலரும் இல்லை, தலைவரும் இல்லை. தனி அதிகாரிகள் ஆட்சி. இன்னைக்கு காலேஜ்ல இருக்கிற பிள்ளைங்க பள்ளிக்கூடத்துல வளர்ந்த காலம் அதுதான். 'எங்க வார்டு கவுன்சிலர்'னு ஒரு ஆளையே பார்க்காம வளர்ந்த தலைமுறை. அதுங்களுக்கு இதெல்லாம் தெரியலன்னா ஆச்சரியம் என்ன இருக்கு?

சரி, குறை சொன்னது போதும். மாத்து வழி நம்ம பக்கத்துலயே இருக்கு.

பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி மாதிரி வேளாண் கல்லூரிப் பிள்ளைங்க கடைசி வருசத்துல கிராமத் தங்கல்னு வருவாங்க. வந்த உடனே விவசாயிக்குப் பாடம் எடுக்க முடியாது. முதல்ல அவர் தோட்டத்துல நின்னு பார்க்கணும், அவர்கிட்ட கேக்கணும். இருபது வருசமா வாழை போடுற மனுசன் முன்னாடி புத்தக அறிவு எவ்வளவு தாங்கும்னு ரெண்டே நாள்ல தெரிஞ்சிடும் :-) அங்க ஊர்க்காரர்தான் வாத்தியார்.

இன்னும் பெரிய உதாரணம் புதுக்கோட்டை. 1991-92-ல அறிவொளி இயக்கம், ஷீலா ராணி சுங்கத் கலெக்டரா இருந்த காலம். தொண்டர்கள் ராத்திரி ராத்திரி போய் எழுத்துச் சொல்லிக் கொடுத்தாங்க. அதோட நிக்கல. பெண்கள் ஆயிரக்கணக்குல சைக்கிள் கத்துக்கிட்டாங்க. கல்லுடைக்கிற பெண்கள் குவாரியைத் தாங்களே குத்தகைக்கு எடுத்தாங்க. எழுத்து, கூலி, உரிமை எல்லாம் ஒரே பாடமா இருந்தது. சொல்லிக் கொடுக்கப் போனவங்களும் அதுலதான் நாட்டைப் படிச்சாங்க.

ராஜஸ்தானையும் சொல்லணும். 1994 டிசம்பர்ல கோட் கிரானாங்கிற ஊர்ல, மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன்காரங்க அரசாங்க வேலைக் கணக்கை ஊர் நடுவுல உரக்க வாசிச்சாங்க. இன்னாருக்கு இவ்வளவு கூலி கொடுத்ததா கணக்கு சொல்லுது, வந்துச்சான்னு கேட்டாங்க. அந்த மாதிரி கூட்டங்கள்ல இருந்து வளர்ந்துதான் 2005-ல தகவல் அறியும் உரிமைச் சட்டம் வந்துச்சு. கணக்கை வாசிக்கிறதுதான் அங்க போராட்டமே.

இதையெல்லாம் வச்சு மார்க்கையன்கோட்டையில ஒரு ஏழு நாள் எப்படி இருக்கலாம்னு யோசிச்சேன்.

ஒரே ஒரு விஷயத்தை எடுத்துக்குவோம். ஒரு தெருச் சாக்கடை. கேம்ப்புக்கு நாற்பது நாள் முன்னாடியே ஒரு மாணவர் தன் சொந்தப் பேருல தகவல் உரிமை மனு போடணும். பத்து ரூபா கோர்ட் ஃபீஸ் ஸ்டாம்ப் ஒட்டினா போதும். அந்தச் சாக்கடை எப்ப கட்டினது, எஸ்டிமேட் என்ன, பராமரிப்புக்கு வருசம் எவ்வளவு. முப்பது நாள்ல பதில் வரணும்ங்கிறது சட்டம். வந்தா கையில பேப்பரோட கேம்ப்புக்குப் போகலாம். வரலைன்னா மேல்முறையீடு எப்படிப் போடுறதுன்னு அதுவே ஒரு பாடம்.

முதல் ரெண்டு நாள் அந்தச் சாக்கடை கூடவே நடக்கணும். தொடங்குற வீட்டுல இருந்து அது எங்க போய் விழுதோ அங்க வரைக்கும். வழியில இருக்கிறவங்ககிட்ட எல்லாம் பேசணும். நம்ம பள்ளத்தாக்குல முல்லைப் பெரியாத்துத் தண்ணியை நம்பி 14,707 ஏக்கர் இருபோக நெல் இருக்கு. ஆத்துல கழிவுநீர் கலக்குதுன்னு எத்தனை வருசமா புகார். ஒரு தெருவுல ஊத்துற தண்ணிக்கும் அடுத்தவன் வயலுக்கும் என்ன சம்பந்தம்னு நடந்து பார்த்தாத்தான் புரியும்.

மூணாம் நாள் தெருவுல கோலப்பொடியில ஊர்ப்படம். ஊர்ப் பெண்கள்தான் போடணும், பிள்ளைங்க பார்க்கணும். எந்தத் தெருவுக்குச் சாக்கடையே வரலைங்கிறது அந்தப் படத்துல தானா வந்து விழும். அது யார் தெருங்கிறதும் தெரிஞ்சிடும். அங்க ஜாதிங்கிற பேச்சு வரும். வரட்டும். அதைத் தொடாம எந்த ஊரையும் புரிஞ்சுக்க முடியாது.

நாலாம் நாளும் அஞ்சாம் நாளும் துப்புரவுப் பணியாளர்கள் கூட விடியக்காலையில போகணும். அப்புறம் செயல் அலுவலர், கவுன்சிலர் ரெண்டு பேரையும் பார்க்கணும். அவங்க பக்கத்துலயும் நியாயம் இருக்கும். ஆள் பத்தல, நிதி வரல, வரி கட்ட மாட்டேங்கிறாங்க. கேட்டுக்கணும். ஆறாம் நாள் சாயங்காலம் கலைநிகழ்ச்சி மேடையிலயே அந்தப் பேப்பரை ஊர் முன்னாடி வாசிக்கணும். ஏழாம் நாள் ஊர்க்காரங்களோட உட்கார்ந்து பகுதி சபைக்கு ஒரு மனு எழுதணும். 2022 நவம்பர் 1 உள்ளாட்சி நாள்ல நகர்ப்புற உள்ளாட்சிகள்ல பகுதி சபைக் கூட்டங்கள் நடந்துச்சு. பம்மல்ல நடந்ததுல முதலமைச்சர் ஸ்டாலினே உட்கார்ந்திருந்தார். அப்படி ஒரு கதவு இருக்குன்னு ஊருக்குச் சொல்றதே பெரிய சேவைங்க.

துடைப்பம் வேண்டாமான்னு கேப்பீங்க. வேணும். ஒரு மணி நேரம் கூட்டட்டும். கூட்டின கைதான் நல்ல கேள்வி கேக்கும்.

'இது அரசியல் ஆயிடுமே, பிரின்சிபால் விட மாட்டாரே'ன்னு ஒரு பேச்சு கண்டிப்பா வரும். கட்சிக்கொடி பிடிக்கச் சொல்லலைங்க. 1989-ல இருந்து 18 வயசுல ஓட்டுப் போட விட்டிருக்கோம். நாட்டை யார் ஆளணும்னு முடிவு பண்ற பிள்ளை, ஒரு சாக்கடையோட எஸ்டிமேட்டைப் பார்த்தா கெட்டுப்போயிடுமா? இது சோம்பேறி ஊரும் இல்லை. 2011 டிசம்பர்ல அணைக்காக இந்தப் பள்ளத்தாக்கே திரண்டு குமுளியை நோக்கி நடந்துச்சு. யாரும் கேம்ப் போட்டுச் சொல்லித் தரல. பெரிய விஷயத்துக்குத் திரளத் தெரிஞ்ச நமக்கு, தெருமுனை விஷயத்துக்கு ஒரு மனு எழுதி, ரசீது வாங்கி, விடாம பின்னாடி அலையிற பழக்கம் இல்லை. அதைத்தான் சொல்லிக் கொடுக்கணும்.

'ஏழு நாள் பத்தாது'ன்னு சொன்னா, அது உண்மை. அதுக்குத்தான் 'தத்தெடுத்த கிராமம்'னு ஒண்ணு விதியிலயே இருக்கு. வருசத்துக்கு ஒரு ஊர் மாறாம அதே ஊருக்கு அடுத்த செட் பிள்ளைங்க வரட்டும். போன வருசம் கொடுத்த மனு என்ன ஆச்சுங்கிறதுல இருந்து ஆரம்பிக்கட்டும். அப்ப அந்த அப்பத்தாவும் முணுமுணுக்காது.

கேம்ப் நடத்துற திட்ட அலுவலர்களுக்கு ஒரு சின்ன வேண்டுகோள். அடுத்த தடவை சாமான் பட்டியல் போடும்போது மண்வெட்டி, கூடை, துடைப்பத்தோட ஒரு கோர்ட் ஃபீஸ் ஸ்டாம்ப்பும் சேர்த்துக்கோங்க. பத்து ரூபாதான்.

பி.கு: யாராவது உண்மையிலயே இதைச் செஞ்சா, ஆறாம் நாள் சாயங்காலம் எனக்கு ஒரு வார்த்தை சொல்லி விடுங்க. பேப்பர் வாசிக்கிறதைக் கேட்க முன்வரிசையில வந்து உட்கார்ந்துக்கிறேன்.