பதிவறை தண்டனை இடமல்ல

1739இல் பிரெஞ்சு வசம் வந்து, 1954இல் அந்த ஆட்சியிலிருந்து விடுபட்ட காரைக்காலில், குடியுரிமைக்கும் சொத்துக்கும் பழைய பதிவேட்டைத் தேடும் குடும்பங்கள் உண்டு. ஆவணத்தின் அருமை இந்த ஊருக்குத் தெரியும். பாண்டிச்சேரிப் பல்கலைக்கழக வளாகம், என்.ஐ.டி., ஜிப்மர் கிளை என உயர்கல்வி வளர்ந்துள்ள ஊரும் இதுதான்.

ஆனால், பதிவறைக்கு மாற்றல் என்றாலே தண்டனை என்ற எண்ணம் நம் கல்வி அலுவலகங்களில் பொதுவாக ஊறிப்போயிருக்கிறது. அதனால் கவனிப்பாரில்லாமல், கடற்காற்றில் குண்டூசி துருப்பிடித்துத் தாளை அரிக்கிறது. ஐப்பசி மழையில் கீழ்த்தட்டுக் கோப்புகள் ஈரம் ஏறி ஒட்டிக்கொள்கின்றன, பிரித்தால் கிழிகின்றன. கடைசியில் அலைவது, ஓய்வூதியத்துக்குப் பணிப்பதிவேடு தேடும் ஊழியரும் மதிப்பெண் சான்று கேட்டு வரும் முன்னாள் மாணவரும்தான்.

1993ஆம் ஆண்டின் பொது ஆவணங்கள் சட்டம் மத்திய அரசு, யூனியன் பிரதேச அலுவலகங்கள் மட்டுமின்றி, மத்திய அரசின் சட்டப்பூர்வ அமைப்புகளுக்கும் பொருந்தும். ஆவண அலுவலரை நியமிப்பது கட்டாயம். விதிமீறி அழித்தால் ஐந்தாண்டு வரை சிறை. சட்டம் இருந்தும் பயிற்சியோ பதவி உயர்வில் மதிப்போ இல்லாதபோது ஊழியரை மட்டும் குறை சொல்வது நியாயமல்ல. காரைக்காலின் கல்வி நிறுவனங்கள் அடுத்த பருவமழைக்கு முன்பே பதிவறைகளைச் சீரமைத்து, பயிற்சி பெற்றவர்களிடம் ஒப்படைக்க வேண்டும்.