தண்டனையில் சமபந்தி

பிரிட்டிஷ் இந்திய அரசின் 1897-ஆம் ஆண்டு மீன்வளச் சட்டம், வெடி வைத்தோ நஞ்சு கலந்தோ மீனைக் கொன்றால் இரண்டு மாதம் வரை சிறை அல்லது 200 ரூபாய் வரை அபராதம் என்றது. சட்டத்தைக் குறை சொல்ல மாட்டேன். ஏரியில் நஞ்சு கலப்பது அக்கிரமம்தான். ஆனால் தண்டனைக்கு எல்லோரையும் ஒரே பந்தியில் உட்கார வைத்த அரசு, வீரத்துக்கு மட்டும் இலையைப் பிரித்துப் போட்டது. போர்வீரத்துக்கான பிரிட்டனின் உயரிய விருதான விக்டோரியா சிலுவை 1856-இல் வந்தது. இந்தியச் சிப்பாய்க்கு அது 1911 வரை கிடையாது. அவனுக்கு 1837-இலிருந்தே தனியாக ‘இந்தியன் ஆர்டர் ஆஃப் மெரிட்’. சிலுவையை முதலில் பெற்ற இந்தியச் சிப்பாய், பெல்ஜியத்தில் 1914-இல் போரிட்ட குதாதாத் கான். அப்போது இங்கிலாந்துக்கு ஆள் தேவைப்பட்டது.