நீரோட்டங்களில் கைவைப்பதற்கான அனுமதியும் கேட்கப்படாத மக்களும்

2025 நவம்பர் மாத இறுதியில் நாட்டை உலுக்கிய டித்வா சூறாவளியும் அதனுடன் வந்த பெருவெள்ளமும் மண்சரிவுகளும் 600க்கும் அதிகமான உயிர்களைக் காவுகொண்டன. பாலங்கள் அடித்துச் செல்லப்பட்டன. குளக்கட்டுகள் உடைப்பெடுத்தன. மாவிலாற்றின் அணைக்கட்டும் தப்பவில்லை. உடைந்தவற்றை மீளக் கட்டியெழுப்ப வேண்டும், அதுவும் விரைவாகக் கட்டியெழுப்ப வேண்டும் என்பதில் இருவேறு கருத்துக்கு இடமில்லை. ஆயினும், மீளக் கட்டப்படவிருக்கும் பாலமும் மதகும் குளக்கட்டும் ஆற்றுத் தடுப்புச் சுவரும் ஒவ்வொன்றும் ஏதோவொரு நீரோட்டத்தைத் தொடுகின்றன என்பதனால், அவற்றுக்கான அனுமதியை வழங்குவது யார், எவரைக் கேட்டு வழங்குவது என்ற வினாவை இத்தருணத்தில் எழுப்புவது பொருத்தமாகும் எனக் கருதுகின்றோம்.

இந்நாட்டில் நீரோட்டமொன்றில் கைவைப்பதற்குச் சட்டப்படி அனுமதி பெறவேண்டும் என்பது புதிய விடயமல்ல. 1924ஆம் ஆண்டின் வெள்ளப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் நூறாண்டு கடந்தும் நடைமுறையில் உள்ளது. பொது ஓடைகளினதும் ஏரிகளினதும் நீரைப் பயன்படுத்துவதற்கும் முகாமை செய்வதற்கும் கட்டுப்படுத்துவதற்குமான உரிமை அரசுக்குரியது என்றும், அந்நீரைத் திசைதிருப்ப விரும்புவோர் அனுமதிப்பத்திரம் பெறவேண்டுமென்றும் 1947ஆம் ஆண்டின் அரச காணிகள் கட்டளைச் சட்டம் கூறுகின்றது. அதன் பின்னர் நீர்ப்பாசனம், கமநலம், கனியவளம், சுற்றாடல், தாழ்நில மீட்பு என ஒவ்வொரு துறைக்கும் தனித்தனிச் சட்டங்கள் வந்து சேர்ந்தன. நீருடன் தொடர்புடைய சட்டங்கள் 50க்கும் மேல், நிறுவனங்கள் 40க்கும் மேல் என்று துறைசார்ந்தோர் கூறுவதுண்டு. எனவே சட்டம் இல்லை என்று எவரும் குறைகூற முடியாது. குறை வேறிடத்தில் உள்ளது.

வன்னியில் ஒரு கமக்காரர் தமது வயலுக்கு உழவு இயந்திரத்தைக் கொண்டுசெல்வதற்காக வாய்க்காலுக்குக் குறுக்கே ஒரு சிறு மதகு அமைக்க விரும்புகின்றார் என்று வைத்துக்கொள்வோம். அவர் முதலில் கிராம உத்தியோகத்தரிடம் செல்வார். அவர் பிரதேச செயலகத்துக்கு அனுப்புவார். வாய்க்கால் 200 ஏக்கருக்கு உட்பட்ட சிறு குளத்துக்குரியதாயின் விடயம் கமநல அபிவிருத்தித் திணைக்களத்துக்குரியது. குளம் அதனிலும் பெரிதாயின் நீர்ப்பாசனத் திணைக்களத்துக்குரியது. நீர்ப்பாசனத் திணைக்களத்திலும் மத்திய அரசின் திணைக்களம் வேறு, மாகாணத் திணைக்களம் வேறு. ஒரே மாகாணத்துக்குள் அடங்கும் நீர்ப்பாசனத் திட்டங்கள் மாகாணத்துக்கும், மாகாண எல்லைகளைக் கடக்கும் ஆறுகள் மத்திய அரசுக்கும் எனப் பதின்மூன்றாவது திருத்தம் பிரித்து வைத்துள்ளது. மகாவலிக்குரிய பிரதேசமாயின் மற்றோர் அதிகாரசபை. வீதியோரமாயின் இன்னொன்று. சட்டத்தை மதித்து அனுமதி கேட்கப் புறப்படும் மனிதன் ஒரு பெரும்போகம் முடிவதற்குள் திரும்பி வந்தால் அது அவரது அதிர்ஷ்டமே. அயலிலுள்ள மற்றவரோ எவரையும் கேளாமல் இரண்டு சீமெந்துக் குழாய்களைப் போட்டு மண்ணால் மூடிவிடுகின்றார். அடுத்த மாரியில் குழாய் அடைபட்டு மேலேயுள்ள வயல்கள் மூழ்கும்போதுதான் அப்படியொரு மதகு இருப்பதே அலுவலகங்களுக்குத் தெரியவருகின்றது.

இது சிறியவரின் கதை. பெரிய திட்டங்களின் கதை முற்றிலும் வேறானது.

ஊவா மாகாணத்தின் உமா ஓயா பல்நோக்கு அபிவிருத்தித் திட்டத்தை இங்கு நினைவுகூர விரும்புகின்றோம். உமா ஓயாவின் நீரை மலைக்குக் கீழான சுரங்கப் பாதையூடாகத் திசைதிருப்பி 120 மெகாவொற் மின்சாரத்தைப் பெறுவதும், பின்னர் அந்நீரைத் தென்கிழக்கின் வரண்ட நிலங்களுக்கு வழங்குவதும் அத்திட்டத்தின் நோக்கங்களாகும். நோக்கத்தில் எமக்குக் குறையில்லை. 2008 ஏப்ரலில் அன்றைய ஈரானிய ஜனாதிபதி அஹமதிநெஜாத் இலங்கைக்கு வருகை தந்தபோது இத்திட்டம் வெகு விமரிசையாக ஆரம்பித்து வைக்கப்பட்டது. சுற்றாடல் தாக்க மதிப்பீடு முற்றுப்பெற்று அங்கீகாரம் கிடைத்ததோ அதற்குப் பின்னர்தான். இரு நாடுகளின் தலைவர்கள் கைகுலுக்கிய பின்னர் ஓர் அதிகாரசபை எவ்வாறு மறுப்புத் தெரிவிக்கும்? அந்நிலையில் மதிப்பீடு என்பது முன்னரே எடுக்கப்பட்ட தீர்மானத்துக்குப் போடப்படும் கையொப்பமாகிவிடுகின்றது.

2014 டிசெம்பரில் சுரங்கத்தினுள் நீர் பெருக்கெடுத்தது. பண்டாரவளையிலும் அதனைச் சூழ்ந்த கிராமங்களிலும் கிணறுகள் வற்றின. ஊற்றுகள் மறைந்தன. வீட்டுச் சுவர்களும் தளங்களும் வெடித்தன. தலைமுறை தலைமுறையாக நீர்ப் பஞ்சத்தை அறியாதிருந்த மலைக்கிராமங்கள் பவுசர் வண்டிகளுக்காகக் காத்திருக்கலாயின. 2017ஆம் ஆண்டில் அம்மக்கள் வீதிக்கு இறங்கிப் போராடினர். ஒருவாறாகப் பணிகள் முடிந்து 2024 ஏப்ரல் 24ஆம் திகதி திட்டம் திறந்து வைக்கப்பட்டது. அன்றும் ஓர் ஈரானிய ஜனாதிபதி வந்திருந்தார். ஆரம்ப விழாவுக்கும் திறப்பு விழாவுக்கும் இடையே பதினாறு ஆண்டுகள். அந்தப் பதினாறு ஆண்டுகளில் ஒரு சில மாதங்களை முன்கூட்டியே செலவிட்டு நிலத்தடி நீரைப் பற்றி ஆராய்ந்திருந்தால், பண்டாரவளை மக்களின் கருத்தைக் கேட்டிருந்தால், தாமதம் கூடியிருக்குமா குறைந்திருக்குமா என்பதை வாசகர்களே தீர்மானிக்கலாம்.

சட்டம் மக்களை முற்றாக மறந்துவிட்டது என்று கூறவும் முடியாது. 1980ஆம் ஆண்டின் தேசிய சுற்றாடல் சட்டத்துக்கு 1988இல் கொண்டுவரப்பட்ட திருத்தத்தின்படி, சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை ஒவ்வொன்றும் 30 நாட்களுக்குப் பொதுமக்களின் பார்வைக்கு வைக்கப்பட வேண்டும். எவரும் தமது கருத்தை எழுத்தில் சமர்ப்பிக்கலாம். நல்ல ஏற்பாடுதான். ஆனால் இதற்குச் சற்றுக் குறைந்த தரத்தில் ஆரம்பச் சுற்றாடல் பரிசோதனை என்ற மற்றொன்று உண்டு. தாக்கம் பெரிதல்ல எனக் கருதப்படும் திட்டங்களுக்கு அதுவே போதுமானது. 2000ஆம் ஆண்டில் செய்யப்பட்ட திருத்தம், இந்தப் பரிசோதனை அறிக்கைகளை அந்த 30 நாள் கட்டாயத்திலிருந்து விடுவித்துவிட்டது. அறிக்கை பகிரங்க ஆவணம், கேட்டால் பார்க்கலாம் என்று சட்டம் ஆறுதல் கூறுகின்றது. இருப்பதே தெரியாத ஓர் அறிக்கையை எவர் சென்று கேட்பார்?

தாக்கம் பெரிதா சிறிதா என்பதை எந்த அளவுகோலால் அளக்கின்றோம் என்பதும் சிந்திக்கத்தக்கது. 1993 ஜூன் மாத வர்த்தமானியில் அனுமதி பெறவேண்டிய திட்டங்களின் பட்டியல் வெளியிடப்பட்டது. 25 மீற்றருக்கு மேற்பட்ட அகலமுடைய பொது ஓடையொன்றின் கரையிலிருந்து 60 மீற்றருக்குள் அமையும் திட்டங்கள், பட்டியலில் குறித்த வகையைச் சேர்ந்தவையாயின், சிறியனவாயினும் அங்கீகாரம் பெறவேண்டும் என்று அதில் கூறப்பட்டுள்ளது. பேராறுகளை மனதிற்கொண்டு எழுதப்பட்ட விதி இது. மலையகத்தின் தோட்டப் பகுதிகளில் லயன்களுக்குப் பின்னால் ஓடும் ஓடைகள் பல சாதாரண காலத்தில் ஒருவர் தாண்டிச் செல்லக்கூடியவை. 25 மீற்றர் அளவுகோலுக்குள் அவை வரமாட்டா. எனினும் கடந்த நவம்பரில் பாறைகளையும் மரங்களையும் புரட்டிக்கொண்டு இறங்கியவற்றுள் இத்தகைய ஓடைகளும் இருந்தன. ஓடையின் அகலத்தை அளக்கும் சட்டம் அதன் அருகே உறங்கும் மனிதர்களை எண்ணவில்லை.

மணல் அகழ்வு இன்னொரு வகையானது. இங்கே அனுமதிப்பத்திரம் தாராளமாகவே உண்டு. 1992ஆம் ஆண்டின் சுரங்கங்கள் கனியங்கள் சட்டத்தின் கீழ் புவிச்சரிதவியல் அளவை சுரங்கப் பணியகம் அதனை வழங்குகின்றது. ஒரு டிப்பருக்குப் பத்திரம் இருந்தால் அதே பத்திரத்துடன் எத்தனை டிப்பர்கள் ஓடுகின்றன என்பதே கிளிநொச்சியிலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் எமக்கு வரும் முறைப்பாடு. 2019 டிசெம்பரில் அன்றைய அரசாங்கம் மணல், மண் ஏற்றிச் செல்வதற்கான அனுமதிப்பத்திரத்தையே நீக்கிவிட்டது. நிர்மாணத் துறைக்கு இலகுவாக இருக்கட்டும் என்பதே அதற்குக் கூறப்பட்ட நியாயம். அம்முடிவு நீதிமன்றத்தில் சவாலுக்குட்படுத்தப்பட்டது. பத்திரம் இருந்தபோதே கட்டுப்படுத்த முடியாத ஒன்றைப் பத்திரமின்றி எவ்வாறு கட்டுப்படுத்துவது என்று அன்று எவரும் விளக்கவில்லை. களனி கங்கையின் அடித்தளம் மணல் அகழ்வினால் தாழ்ந்து போனதால், வரட்சிக் காலங்களில் கடல்நீர் அம்பத்தளை வரை ஏறியதையும், தலைநகரின் குடிநீரைக் காப்பாற்ற ஆற்றுக்குக் குறுக்கே மணல் மூடைகள் அடுக்கப்பட்டதையும் கொழும்பு வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். ஆற்றிலிருந்து அள்ளிய மணலை மூடையில் கட்டி மீண்டும் ஆற்றிலேயே போடவேண்டி வந்தது.

அனுமதி முறைகளை ஒரே கூரையின் கீழ்க் கொண்டுவரும் முயற்சி நடைபெறாமலும் இல்லை. 2000ஆம் ஆண்டில் அமைச்சரவை ஒரு தேசிய நீர்வளக் கொள்கையை அங்கீகரித்தது. நீரைப் பயன்படுத்துவோருக்கு உரித்துப் பத்திரம் வழங்கும் யோசனையும் அதில் இருந்தது. வாய்க்கால் நீருக்கும் விலை குறிக்கப்படப் போகின்றது என்ற அச்சம் கமக்காரரிடையே பரவியது. எதிர்ப்பு வலுத்தது. கொள்கை கைவிடப்பட்டது. அந்த அச்சம் நியாயமற்றது என நாம் கூறமாட்டோம். நீரை விற்பனைப் பண்டமாக்கும் எந்த ஏற்பாட்டையும் இந்நாட்டு விவசாயி ஏற்கமாட்டார். ஆனால் விலையைப் பற்றிய அந்தச் சர்ச்சைக்குள், அனுமதி வழங்கும் அதிகாரத்தை ஒழுங்குபடுத்தும் தேவையும் சேர்ந்தே அமிழ்ந்துபோனது. கால் நூற்றாண்டு கடந்தும் அத்தேவை நிறைவேறவில்லை.

அதே 2000ஆம் ஆண்டின் ஜூன் மாதத்தில் உயர் நீதிமன்றம் வழங்கிய எப்பாவளைத் தீர்ப்பு இவ்விடத்தில் குறிப்பிடத்தக்கது. எப்பாவளையில் பொஸ்பேற் அகழ்வதற்கு வெளிநாட்டு நிறுவனமொன்றுடன் செய்யப்படவிருந்த உடன்படிக்கையை அப்பகுதியைச் சேர்ந்த ஏழு பேர் நீதிமன்றத்துக்குக் கொண்டுசென்றனர். கலாவெவவிலிருந்து அநுராதபுரத்துக்கு நீர் கொண்டுசெல்லும் புராதன ஜயகங்கைக் கால்வாயும் அகழ்வினால் பாதிக்கப்படும் அபாயம் இருந்தது. ஏறத்தாழ 87 கிலோமீற்றர் நீளமான அக்கால்வாய் அதன் முதற் பகுதியில் மைல் ஒன்றுக்கு ஆறு அங்குலம் மட்டுமே சரிகின்றது. அதனைத் தோண்டியவர்களுக்கு நீரைப் பற்றித் தெரிந்திருந்தது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை. நீதியரசர் ஏ.ஆர்.பி. அமரசிங்க எழுதிய அத்தீர்ப்பு, முறையான ஆய்வும் சுற்றாடல் தாக்க மதிப்பீடும் இன்றி அரசு உடன்படிக்கை செய்யலாகாது என்று தடுத்தது. இயற்கை வளங்களைப் பொறுத்தவரை அரசு அவற்றின் உடைமையாளன் போன்று நடந்துகொள்ளாமல், மக்கள் சார்பிலான பாதுகாவலனாக நடந்துகொள்ள வேண்டும் என்பதே அதன் சாரம். அந்த ஏழு பேரும் நீதிமன்றப் படியேறாதிருந்தால் அனுமதி கிடைத்தே இருக்கும்.

ஒவ்வொரு முறையும் மக்கள் உயர் நீதிமன்றம் வரை செல்லவேண்டும் என்று எதிர்பார்ப்பது முறையல்ல. நாம் கேட்பது மிக எளிமையானது. நீரோட்டமொன்றைத் தொடும் பணிக்கு விண்ணப்பம் கிடைத்ததும், அதன் கீழ்ப்பகுதியில் வாழும் மக்களுக்கு அவர்களது மொழியில் அறிவித்தல் செல்லவேண்டும். கொழும்புப் பத்திரிகையொன்றில் சிறு எழுத்தில் விளம்பரம் செய்துவிட்டால் அறிவித்தாகிவிட்டது என்று கொள்ளலாகாது. பதுளை, நுவரெலியா மாவட்டங்களின் தோட்டங்களிலாயின் தொழிலாளர் கூடும் கொழுந்து மடுவத்திலும் கோவில் வாசலிலும் தமிழில் ஒட்டப்பட வேண்டும். வன்னியிலும் கிழக்கிலும் கமக்காரர் அமைப்புகளின் கூட்டத்தில் வாசிக்கப்பட வேண்டும். ஆரம்பச் சுற்றாடல் பரிசோதனைக்கும் குறைந்தது இரு வார காலமாவது கருத்துக் கேட்கும் ஏற்பாடு சட்டத்தில் சேர்க்கப்பட வேண்டும். சிறு மதகுக்காக அலையும் கமக்காரருக்கு விண்ணப்பத்தைக் கையளிக்க ஒரேயொரு இடம் இருக்கவேண்டும். பிரதேச செயலகமே அதற்கு உகந்தது. ஏனைய திணைக்களங்களின் சம்மதத்தைப் பெறும் அலைச்சல் கோப்புக்கு உரியதாக இருக்கட்டும், மனிதனுக்கு வேண்டாம்.

இத்தகைய நடைமுறைகள் மீள்கட்டுமானத்தைத் தாமதப்படுத்தும் என்று அதிகாரிகள் கூறக்கூடும். இடிந்த பாலத்தை முன்னிருந்த இடத்தில், முன்னிருந்த அளவில் கட்டுவதற்கு எவரும் இரு வாரம் காத்திருக்கத் தேவையில்லை. ஆனால் முன்னிருந்த அளவே போதாது என்பதைத்தான் வெள்ளம் காட்டிச் சென்றுள்ளது. பாலத்தின் கண்கள் எத்தனை, ஒவ்வொன்றும் எவ்வளவு அகலம், தடுப்புச் சுவர் எந்தக் கரைக்கு, அதனால் எதிர்க்கரைக்கு என்ன நேரும் என்பவற்றைப் பொறியியலாளர் கணக்கிடலாம். வெள்ளம் எந்த வழியால் வந்து எவ்வளவு உயரத்துக்கு நின்றது என்பதை அவ்விடத்தில் கூரையேறி உயிர்தப்பியவரே சொல்லமுடியும்.

இதற்கிடையில் மக்களிடம் ஒரு கருவி ஏற்கெனவே உள்ளது. 2016ஆம் ஆண்டின் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், தமது ஊரின் ஆற்றிலோ ஓடையிலோ நடைபெறும் பணிக்கு எவர் அனுமதி வழங்கினார், எந்த நிபந்தனைகளுடன் வழங்கினார், அந்நிபந்தனைகள் கடைப்பிடிக்கப்படுகின்றனவா எனக் கடைசியாகப் பரிசோதித்த திகதி எது என்று எந்தப் பிரசையும் எழுதிக் கேட்கலாம். தகவலை வழங்குவதா இல்லையா என்ற முடிவை அலுவலகம் 14 வேலை நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும். விண்ணப்பத்தைத் தமிழிலேயே எழுதலாம். கிடைக்கும் பதில்களை மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டங்களில் முன்வைக்கும் பொறுப்பு நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு உண்டு. இதுவரை அக்கூட்டங்களில் மணல் பற்றி நடைபெற்ற வாக்குவாதங்களுக்குக் குறைவில்லை, ஆனால் அனுமதிப்பத்திரங்களின் பட்டியலை மேசையில் வைத்துப் பேசியவர்களைக் காண்பது அரிது. அடுத்த பருவமழை தொடங்குவதற்கு முன்னர் வடக்கிலும் கிழக்கிலும் மலையகத்திலும் ஒவ்வொரு மாவட்டத்திலும் அந்தப் பட்டியல் கேட்டுப் பெறப்பட வேண்டும்.