தண்டனை முடிந்த பின்னும் தண்டனையா?

1947 ஆம் ஆண்டில் பதுளைத் தொகுதி எஸ். எம். சுப்பையாவைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியது. அடுத்து வந்த 1948 ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டமும் 1949 ஆம் ஆண்டுத் தேர்தல் திருத்தச் சட்டமும் தோட்ட மக்களிற் பெரும்பாலோரை வாக்கற்றோராக்கின. குற்றமேதும் செய்யாது வாக்கிழந்த வரலாறு பூனாகலை அறிந்ததே. ஆகவே வாக்கின் அருமையை நமக்கு எவரும் போதிக்க வேண்டியதில்லை.

இன்றைய அரசியலமைப்பின் 89 ஆம் உறுப்புரையை நோக்குக. ஈராண்டோ அதற்கு மேலோ சிறை விதிக்கத்தக்க குற்றத்துக்கு ஆறு மாதமேனும் சிறைத்தண்டனை பெற்றவர், சிறையில் மட்டுமன்று, வெளிவந்த பின்னும் ஏழாண்டுகள் வாக்களிக்க இயலாது.

ஆறு மாதத் தண்டனைக்கு ஏழாண்டு வாய்ப்பூட்டு! இஃது எந்தத் தராசின் நீதி? தேர்தலில் ஊழல் புரிந்தோர்க்கு அதே உறுப்புரையில் தனித் தடை உண்டு. அதனை நாம் எதிர்க்கவில்லை. ஆனால் தண்டனையைக் கழித்து லயத்துக்கு மீண்ட தொழிலாளி மலையில் உழைக்கின்றான். கடையில் வாங்கும் பொருளுக்கு வரி செலுத்துகின்றான். வாக்கு மட்டும் அவனுக்கில்லை. முழு மன்னிப்புப் பெற்றால் தடை நீங்குமாம். கொழும்புவரை குரல் எட்டாதவனுக்கு அம்மன்னிப்பை யார் பெற்றுத் தருவார்?

நீதிமன்றம் அளந்த தண்டனையே போதும். சிறைக்கதவு திறக்கும் நாளிலேயே வாக்குச்சாவடியின் கதவும் திறத்தல் வேண்டும்.