பியூரெட்டைக் கழுவச் சொன்ன வாத்தியார் வீட்டில்…

கொஞ்சம் நீளமான பதிவுதான். வீட்டில் சுகர் மெஷின் வைத்திருப்பவர்கள் பொறுமையாகப் படியுங்கள்.

“மெஷின் எல்லாம் டுபாக்கூர் சார். லேப்ல 142, வீட்டுல 155 காட்டுது. தூக்கிப் போட்டுட்டேன்.” காலையில் நடக்கப் போகும் இடத்தில் வாரம் ஒருவராவது இப்படிச் சொல்கிறார். இன்னொரு கட்சியும் உண்டு. மெஷினில் வந்த எண்ணை வேதவாக்காக எடுத்துக்கொண்டு, அன்றைக்கே தானாக மாத்திரையைக் கூட்டிக் குறைக்கும் கட்சி. இரண்டு பேரும் செய்வது தப்பு. இரண்டாவது தப்பை நானே செய்தவன் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

போன கோடையில் ஒரு நாள். என் மனைவி பேரனுக்கு மாம்பழம் நறுக்கிக் கொடுத்துவிட்டு, கையைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு, ராத்திரி இன்சுலினுக்கு முன்னால் விரலில் குத்திப் பார்த்தாள். 318. “உனக்கு வாயக் கட்டவே தெரியாது” என்று திட்டினேன். “நான் ஒரு துண்டுகூடத் தின்னலைங்க” என்றாள். நம்பவில்லை. டாக்டரைக் கேட்காமல் நானே ஆறு யூனிட் கூட்டிப் போடச் சொன்னேன். பதினோரு மணிக்கு அவளுக்கு வேர்த்துக் கொட்டியது, பேச்சு குழறியது. பார்த்தால் 54. கை நடுங்க மூன்று ஸ்பூன் சர்க்கரையைக் கரைத்துக் குடிக்க வைத்தேன். கால் மணி நேரம் கழித்துத்தான் ஆளைத் தெரிந்துகொண்டாள்.

மறுநாள் டாக்டர் கேட்ட முதல் கேள்வி: “டெஸ்ட் பண்றதுக்கு முன்னாடி அம்மா என்ன செஞ்சிட்டு இருந்தாங்க?”

முப்பத்து நாலு வருஷம் பிளஸ் டூவுக்கு வேதியியல் நடத்தியவன் நான். பியூரெட்டைக் கழுவாமல் ரீடிங் எடுத்த பையனுக்கு ஈவு இரக்கமில்லாமல் மார்க் வெட்டியவன். என் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் நடந்ததும் ஒரு வேதியியல் சோதனைதான் என்று என் புத்திக்கு எட்டவில்லை. அந்த ஸ்ட்ரிப்பில் இருப்பது ஒரு நொதி. சர்க்கரையைக் கண்டால் வினை புரியும். அது ரத்தத்தில் இருந்த சர்க்கரையா, விரலில் ஒட்டியிருந்த மாம்பழச் சர்க்கரையா என்று அதற்குத் தெரியாது. மெஷின் பொய் சொல்லவில்லை. நாம்தான் அதற்குக் கலப்படம் கொடுத்தோம்.

“ஸ்பிரிட் பஞ்சால துடைக்கிறோமே சார்?” என்பீர்கள். போதாது. 2011-ல் ஜப்பானில் பழம் உரித்த விரலை வைத்தே சோதித்துப் பார்த்துவிட்டார்கள். ஸ்பிரிட்டால் பலமுறை துடைத்தும் எண் ஏறித்தான் இருந்தது. தண்ணீரில் கழுவிய பிறகுதான் சரியானது. சோப்பும் தண்ணீரும், பிறகு ஈரம் போகத் துடைப்பது. இதற்குப் பத்துப் பைசா செலவில்லை.

இப்போது “டுபாக்கூர்” கட்சிக்கு வருகிறேன். மெஷினுக்கான உலகத் தர விதி என்ன தெரியுமா? 100-க்கு மேல் போனால் 15 சதவீதம் கூடவோ குறையவோ இருக்கலாம். 100-க்குக் கீழே 15 புள்ளி. நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து ரீடிங் இதற்குள் வந்தால் மெஷின் பாஸ். அதாவது உண்மையில் 200 இருந்தால் 170-ம் வரலாம், 230-ம் வரலாம். 142-க்கு 155 என்பது நல்ல மார்க் ஐயா! அதோடு, சாப்பிட்ட பிறகு விரல் ரத்தத்தில் சர்க்கரை, கை நரம்பு ரத்தத்தைவிட இயல்பாகவே கூடுதலாக இருக்கும். ஒப்பிட்டே தீர வேண்டும் என்றால் வெறும் வயிற்றில், லேபில் ரத்தம் கொடுக்கும் அதே நேரத்தில் பாருங்கள்.

எனக்குக் கோபம் வருவது விற்பவர்கள் மேல்தான். “மெஷின் ஃப்ரீ, ஸ்ட்ரிப் மட்டும் வாங்குங்க” என்று கட்டிக் கொடுக்கிறார்கள். கூடவே பூதக்கண்ணாடி வைத்தாலும் தெரியாத எழுத்தில் ஒரு தாள். மெஷின் சரியாக இருக்கிறதா என்று பார்க்க கன்ட்ரோல் சொல்யூஷன் என்று ஒன்று உண்டு. மூன்று கடையில் கேட்டேன். மூன்றிலும் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். டப்பா மூடியை உடனே மூட வேண்டும், ஈரக்காற்று பட்டால் ஸ்ட்ரிப் கெடும், வேறு டப்பாவுக்கு மாற்றக் கூடாது, திறந்த தேதியை மேலே எழுதி வைக்க வேண்டும் என்று எவரும் சொன்னதில்லை. விரலைப் பால் கறப்பதுபோல் பிழிந்தால் ரத்தத்தோடு வேறு நீரும் கலந்து எண் மாறும் என்றும் சொன்னதில்லை. ரத்தசோகை இருப்பவருக்குப் பல மெஷின்கள் கூட்டிக் காட்டும் என்றும் சொன்னதில்லை. ஒரே ஊசியில் வீடு முழுக்கக் குத்திக்கொள்வதை யாரும் தடுப்பதுமில்லை. அதில் மஞ்சள் காமாலைக் கிருமிகூடப் பரவும்.

2023-ல் வந்த ஐசிஎம்ஆர் ஆய்வுப்படி இந்தியாவில் பத்துக் கோடிப் பேருக்கு மேல் சுகர். நம் மாநிலத்தில் 2021 முதல் மக்களைத் தேடி மருத்துவம் என்று வாசலுக்கே மாத்திரை வருகிறது. நல்ல காரியம், பாராட்டுகிறேன். அந்த வாசலிலேயே இரண்டு நிமிடம் இதையும் சொல்லிக் கொடுங்கள். கடைக்காரர்களே, பில் போடும் நேரத்தில் “கை கழுவிட்டுப் பாருங்க” என்று ஒரு வாக்கியம் சொன்னால் வியாபாரம் குறைந்துவிடாது.

வீட்டில் இருப்பவர்களுக்கு ஒன்றே ஒன்று. எண் எதிர்பாராமல் எகிறினால் முதலில் ஆளைத் திட்டாதீர்கள். கையைக் கழுவித் துடைத்து, வேறு விரலில் மறுபடி பாருங்கள். லேபில் இரண்டு ரீடிங் ஒத்து வராமல் கணக்குப் போட விட்டேனா உங்களை? அப்படியும் கூடவே இருந்தால் டாக்டருக்குப் போன் போடுங்கள். மருந்தின் அளவை மாற்றுவது நம் வேலை இல்லை.

அன்று ராத்திரி அவள் சொன்னது உண்மை. ஒரு துண்டுகூடத் தின்றிருக்கவில்லை. அதற்கு நான் இன்னும் அவளிடம் சரியாக மன்னிப்புக் கேட்கவில்லை. இந்தப் பதிவை அவளும் படிப்பாள்.

என் பழைய மாணவர்கள் உங்கள் அப்பா அம்மாவுக்கு இதை வாசித்துக் காட்டுங்கள்.