பாடினது ஒருத்தர், பேரு இன்னொருத்தருக்கா?

2024 ஜனவரியில் 'லால் சலாம்' படத்துப் பாட்டு ஒன்று வந்ததும் டீக்கடை பெஞ்சுகளில் அதே பேச்சு. "ஏண்ணே, சாகுல் ஹமீது 1997-லயே கார் விபத்துல போயிட்டாரே! இப்ப எப்படிண்ணே பாடுறாரு?"

நியாயமான கேள்விதான். 'திருடா திருடா', 'காதலன்' படங்களில் பாடி ஊரையே கலக்கியவர் அவர். கூடப் பாடியதாகப் பெயர் வந்த பம்பா பாக்யாவும் 2022-ல் காலமாகிவிட்டார். இரண்டு பேரையும் பாட வைத்தது கம்ப்யூட்டர்!

இசையமைத்த ஏ.ஆர்.ரகுமான் இரு குடும்பத்தாரிடமும் அனுமதி வாங்கி, சன்மானமும் கொடுத்ததாக அறிவித்தார். நல்ல காரியம். அதே ஆண்டில் 'கோட்' படத்தில் மறைந்த பவதாரிணியின் குரலைத் தம்பி யுவன் கொண்டுவந்தார். அது அக்கா - தம்பி பாசம். வெளியார் மூக்கை நுழைக்க இடமில்லை.

ஆனால் எல்லாரும் இப்படிக் கேட்டுச் செய்கிறார்களா? எஸ்.பி.பி. 2020-ல் மறைந்தார். 2023-ல் வந்த ஒரு தெலுங்குப் படத்தில் வீட்டாரைக் கேட்காமலே அவர் குரலைச் செய்து போட்டுவிட்டதாக மகன் சரண் வக்கீல் நோட்டீஸ் அனுப்ப வேண்டி வந்தது!

சரி, பெரிய வீட்டுக்காரர்கள் வக்கீல் வைத்துக்கொள்வார்கள். இதில் யார் கண்ணிலும் படாத ஆள் ஒருவர் இருக்கிறாரே, அவர் கதை என்ன?

இந்த வித்தை பெரும்பாலும் நடக்கிற விதம் இதுதான். மறைந்தவரின் பழைய பாட்டுகளைக் கம்ப்யூட்டருக்குப் போட்டு அந்தக் குரலின் கனம், கரகரப்பு, இழுப்பு எல்லாவற்றையும் பழக்குகிறார்கள். அப்புறம் உயிரோடு இருக்கிற ஒருவர் மைக் முன்னால் நின்று புது மெட்டைப் பாடுகிறார். மூச்சு அவருடையது, தாளம் அவருடையது, பாவமும் அவருடையது. அதன்மேல் மறைந்தவர் குரலைப் போர்வை மாதிரி போர்த்திவிடுகிறது எந்திரம். பாடியவர் உள்ளே மூடிப்போகிறார்.

கோடம்பாக்கத்தில் 'டிராக்' பாடுவது என்று ஒரு பிழைப்பு உண்டு. புதுப் பையன் முதலில் பாடி வைப்பான். பெரிய பாடகர் வந்து கேட்டுவிட்டுத் தன் குரலில் பாடுவார். பையனுக்குக் கிடைப்பது சொற்பம். ஆனாலும் அதில் ஒரு நப்பாசை இருந்தது. "பையன் பாடினதே நல்லா இருக்கே, இதையே வெச்சிக்கலாம்" என்று இசையமைப்பாளர் ஒரு நாள் சொல்லிவிட மாட்டாரா? அப்படி வாய்ப்புப் பிடித்தவர்கள் உண்டு.

எந்திரத்துக்குப் பாடுகிறவனுக்கு அந்த நப்பாசையும் கிடையாது. எவ்வளவு நன்றாகப் பாடினாலும் அவன் குரல் அழிக்கப்படுவதற்காகவே பாடப்படுகிறது!

மிமிக்ரி செய்யவில்லையா என்று கேட்பார்கள். மிமிக்ரிக்காரர் மேடையில் நிற்கிறார். யார் குரல், யார் வாய் என்று ஜனங்களுக்குத் தெரியும். கைதட்டலும் அவருக்கே, கவரும் அவருக்கே. இங்கே கைதட்டல் முழுக்கப் போட்டோவில் மாலை போட்டிருப்பவருக்குப் போகிறது.

அபிமான பாடகரின் குரலை மறுபடி கேட்டால் யாருக்கும் கண் கலங்கும். அதைத் தடுக்க வேண்டியதில்லை. ஆனால் 'இது எந்திரக் குரல், பாடியவர் இன்னார்' என்று டைட்டிலில் ஒரு வரி போட்டால் குடியா முழுகிவிடும்? செல்போன் பாட்டிலும் அந்தப் பெயர் வர வேண்டும். சம்பளமும் டிராக் கூலியாக இல்லாமல் பாடகர் சம்பளமாக இருக்க வேண்டும்.

சாலிகிராமத்தில் அறை எடுத்துத் தங்கி, விடியற்காலை சாதகம் பண்ணி, சாயந்திரம் கல்யாணக் கச்சேரிக்கு பஸ் பிடிக்கிற பையன்களுக்கு இருந்த ஒரே வாசல் அந்த டிராக் பாட்டுதான்.

டீக்கடையில் இந்த விஷயமெல்லாம் காதில் விழுந்ததும் கல்லாவில் இருந்தவர் கேட்டார்: "அதெல்லாம் இருக்கட்டும். செத்தவரு வீட்டுக்குப் பணம் போச்சு, சரி. தொண்டை வறளப் பாடினானே அந்தப் புள்ள, அவன் பேரு என்னப்பா?"

பெஞ்சில் யாருக்கும் தெரியவில்லை.